ஒயரில்லா மைக்கும் பதனம் அண்ணனும்

கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்த மொத்தப் பயத்தில் பாதியைத் தன் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போய்வந்த மனிதர் எங்கள் பதனம் அண்ணன். மீதிப் பாதியைத்தான் நாங்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் அன்னூர் ரோட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் நான் கிளார்க்காக இருந்தேன். அங்கே எலெக்ட்ரீஷியன் அவர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை, "பதனமுங்க." கொங்குப் பேச்சில் பதனம் என்றால் ஜாக்கிரதை. டீ குடிக்கப் போகிறவனிடமும் சொல்வார், பெண் பார்க்கப் போகிறவனிடமும் சொல்வார். இரண்டாவது ஆசாமிகள் பிற்பாடு வந்து, நீங்கள் சொன்னதை நாங்கள் கேட்டிருக்கலாம் என்று வருத்தப்பட்டதும் உண்டு.

கம்பெனியில் எந்த விழா என்றாலும் மைக்செட் அவர் பொறுப்பு. மேடையில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றக் கூடாது, மைக் முன்னால் விரித்திருக்கும் ரப்பர் பாயை விட்டு இறங்கக் கூடாது. ஆன்மிகச் சொற்பொழிவுக்கு வந்த ஒரு பெரியவர் பாதரட்சையைக் கழற்றப் போக, இவர் குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் நெகிழ்ந்துபோய் ஆசீர்வாதம் செய்தார். "ஆசீர்வாதமெல்லாம் பொறகு பண்ணிக்கலாமுங்க, மொதல்ல செருப்பைப் போடுங்க, கரண்டு அடிச்சுப்போடும்" என்றார் இவர்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் மேனேஜர் பெங்களூரிலிருந்து ஒயர்லெஸ் மைக் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். கறுப்புப் பெட்டி ஒன்று, அதில் இரண்டு ஏரியல். கையில் பிடிக்கும் மைக் ஒன்று. சட்டையில் குத்திக்கொள்ளும் பொடி மைக் ஒன்று, அதற்கு சோப்பு டப்பா அளவில் தனிப் பெட்டி. பதனம் அண்ணன் கை மைக்கைத் தலைகீழாகப் பிடித்து, ஒயர் எங்கே போயிற்று என்று ரொம்ப நேரம் தேடினார்.

"ஏனுங்ணா, நல்லதுதானுங்களே, இனி ஒயர் இழுக்கிற வேலை இல்லையே" என்றேன்.

"தம்பி, ஒயரு அந்துச்சுன்னா எங்க அந்துச்சுன்னு பார்த்து ஒட்டிப்போடலாம். காத்து அந்துச்சுன்னா எங்க போயி ஒட்டறது?"

மைக்கை வாங்கி நானும் ஒருமுறை தலைகீழாகப் பார்த்தேன்.

அடுத்த பயம் ஆகாயத்திலிருந்து வந்தது. சூலூர் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் போதும், ஓடிப்போய் ரிசீவரை அணைத்துவிடுவார். பாதிப் பேச்சில் மேனேஜரின் வாய் மட்டும் அசையும். காரணம் கேட்டேன். "நம்ம மேனேஜரு பேசறது பைலட்டு காதுல உழுந்துபோட்டா?" என்றார். உற்பத்தித் திறன் பற்றி மேனேஜர் பேசுவதைக் கேட்டால் எந்த பைலட்டும் தூங்கிவிடுவார் என்பதால், அந்தப் பயத்தில் நியாயம் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

ஆயுத பூஜை அன்று அவர் பயந்தது தலைகீழாக நடந்தும் விட்டது. முதலாளி பேச எழுந்து, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார். ஸ்பீக்கரிலிருந்து, "ஏனுங்க, மூணாவது பந்திக்கு ரசமே வரலீங்க" என்று வேறொரு குரல் வந்தது. முதலாளி திகைத்துப்போய் வாயை மூடினார். "அப்பளமாச்சும் அனுப்புங்க" என்றது குரல். பக்கத்துக் கல்யாண மண்டபத்திலும் யாரோ அதே மாதிரி மைக் வாங்கியிருந்தார்கள்.

அன்றிலிருந்து பதனம் அண்ணன் ரிசீவரிலிருந்து தனியாக ஒரு ஒயர் எடுத்து ஹெட்போனில் மாட்டிக்கொண்டார். ஸ்பீக்கரில் சத்தத்தை மூடியிருந்தாலும் மைக்கில் என்ன நடக்கிறது என்று அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "கண்ணுக்குத் தெரியாத சாமானுங்க. காதையாச்சும் அதுமேல வச்சிருக்கோணும்" என்பார். மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கியவர்கள் யார் யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கும் பயம்தான்.

அந்த வருஷம் ஆண்டு விழாவில் நாடகம் போட்டோம். நான்தான் ராஜா. பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் ஷெட்டுக்கு முன்னால் மேடை. ஷெட்டுக்குள் எட்டடி ஆழத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. விழாவுக்காகத் தண்ணீரை முக்கால்வாசி இறைத்துவிட்டு மேலே பலகைகளை அடுக்கியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நாங்கள் போய்வர அந்தப் பலகைதான் வழி.

பதனம் அண்ணன் எனக்கு மைக் மாட்டியதே தனி நாடகம். இடுப்பில் வாள் தொங்கியதால் பெட்டியை முதுகில், தோளுக்குக் கீழே வைத்துக் கட்டினார். பேட்டரி புதுசு. அது போட்டுப் பத்து நிமிஷம் ஆகிவிட்டதென்று அதையும் மாற்றி இன்னொரு புதுசு. பிறகு ஸ்விட்ச் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றினார். "தெரியாத்தனமா கை பட்டு ஆஃப் ஆயிருமுங்க. நீங்க மேடையை விட்டுப் போனா சத்தத்தை நான் மூடிக்கறேன். பதனமுங்க தம்பி."

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மூன்றாவது காட்சி முடிந்து, "போருக்குப் புறப்படுங்கள்" என்று கர்ஜித்துவிட்டு உள்ளே வந்தேன். வெளி வெளிச்சத்திலிருந்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண் இருட்டியது. அட்டைக் கிரீடம் வேறு மூக்குவரை இறங்கியிருந்தது. நடுப்பலகையை யாரோ உட்காருவதற்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. வெளியே போர் முரசு. தொட்டியின் அடியில் சுவரில் சாய்ந்து கிடந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத திசையில் போயிருந்தது. இடுப்புவரை தண்ணீர். எழுந்திருக்கப் பார்த்தேன், பாசி வழுக்கியது, கண்ணில் பூச்சி பறந்தது. கத்தினேன். தலைக்கு மேலே முரசுச் சத்தம்.

அப்போதுதான் மூலையில் இருந்த பெரிய குழாய் கொடகொடவென்று தண்ணீரைக் கொட்ட ஆரம்பித்தது. தினமும் ஆறு மணிக்கு வாட்ச்மேன் ஆழ்குழாய்க் கிணற்றின் போர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவது வழக்கம். விழா நாளில் வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் காலோடு பயனில்லை. கழுத்தில் பொடி மைக் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சத்தத்தை அவர் மூடியிருப்பார். ஆனால் காதில் ஹெட்போன் இருக்குமா? எட்டடி ஆழத்திலிருந்து காற்று மேலே போகுமா? பேட்டரி புதுசுதானா? முதுகுப் பெட்டிக்குத் தண்ணீர் ஏறினால்? அந்த மனிதர் இத்தனை காலம் பட்ட பயம் மொத்தமும் ஒரே நிமிஷத்தில் எனக்கு வந்து சேர்ந்தது. ஒன்றுகூட வேடிக்கையாக இல்லை.

"ஏனுங்ணா, கேக்குதுங்களா? ஷெட்டுத் தொட்டிக்குள்ள உழுந்துட்டேனுங்ணா. தண்ணி ஏறுதுங்ணா." திரும்பத் திரும்பச் சொன்னேன். தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. அதற்குமேல் வார்த்தை வரவில்லை. "அண்ணா, அண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முரசு நின்றது. எல்லா ஸ்பீக்கரிலும் நடுங்கும் குரல் ஒன்று கேட்டது. "ஏனுங்க வாட்ச்மேன், போர் மோட்டாரை நிறுத்துங்க. ராஜா தொட்டிக்குள்ள இருக்கறாருங்க."

போர்க்களக் காட்சியில் போர் மோட்டார் என்றதும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல வேளையாக வாட்ச்மேன் சிரிக்கவில்லை. குழாய் நின்றது.

அடுத்த நிமிஷம் தொட்டியின் விளிம்பில் பதனம் அண்ணனின் முகம் தெரிந்தது. காதில் ஹெட்போன், அதிலிருந்து பிய்ந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. முதலமைச்சரே வந்தாலும் ஆம்ப்ளிஃபையரை விட்டு நகராத மனிதர், யாரையும் கேட்காமல், ஆழம் பார்க்காமல், தண்ணீருக்குள் குதித்தார். முதல் காரியமாக என் முதுகில் கையை விட்டுப் பேட்டரியைப் பிடுங்கினார். ஒன்பது வோல்ட் பேட்டரி. "ஷாக் அடிச்சுப்போடுமுங்க" என்றார். அவர் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. குளிரால் அல்ல.

ஷெட்டில் ஏணியும் இல்லை, கயிறும் இல்லை. மேலே ஓடிவந்தவர்களிடம் கத்தி, ஸ்பீக்கர் ஒயர் சுருளை வாங்கினார். நாலாக மடித்து என் அக்குளுக்குக் கீழே கட்டினார். முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். "இதுக்குத்தானுங்க தம்பி ஒயரு வேணும்ங்கறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொடைவரை மாவுக்கட்டு போட்டுக் கிடந்தேன். கட்டு இறுக்கினால் கால் விரல் சில்லிட்டுப் போகும், சொல்லுங்கள் என்று டாக்டர் போகிறபோக்கில் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. போதாதா? ஸ்டூலைக் கால்மாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை. பிறகு கையை எடுக்கவே இல்லை, விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார். விரல் கதகதப்பாகத்தான் இருந்தது. சொன்னால் கையை எடுத்துவிடுவாரே என்று கண்ணை மூடியபடியே கிடந்தேன்.