முதலை இல்லாத ஏரி

என் மனைவி சண்முகவடிவை ஒரே ஒருமுறை ஊர் சுற்றக் கூட்டிப்போய், இனி ஆயுசுக்கும் அவள் ஊர் சுற்றக் கேட்காதபடி செய்துவிடுவது என்று நான் முடிவெடுத்தேன்.

கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். வாரத்தில் ஆறு நாள் தோட்டத்துத் துரைக்குப் பயப்படுகிறவன். ஏழாவது நாள், ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு, தொழிற்சாலை டீமேக்கர் கணேசமூர்த்தி வீட்டில் மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவையும் சேர்த்துக்கொண்டு சீட்டாட்டம். அதற்காகத்தான் மீதி ஆறு நாளும் உயிரோடு இருக்கிறேன். அந்த நேரம் பார்த்துத்தான் சண்முகவடிவுக்கு எங்கேயாவது போகத் தோன்றும்.

நுவரெலியா ஏரியில் மாயாண்டி என்று ஒருவன். துடுப்புப் படகில் ஆட்களை ஏற்றிப்போய்ப் பறவைகளையும் நீர்நாயையும் காட்டுவான். சனிக்கிழமையே போய் அவனிடம் சொல்லி வைத்தேன்.

"கோரைப் பக்கம் போனதும் முதலை இருக்குன்னு சொல்லு. அவ நடுங்கிப் போயிருவா. உடனே கரைக்குத் திருப்பிரு."

"சரிங்க ஐயா."

மறுநாள் பதினொரு மணிக்குப் படகேறினோம். பன்னிரண்டுக்குப் பஸ், ஒன்றரைக்கு வீடு, இரண்டுக்குச் சீட்டு.

மாயாண்டி முக்குளிப்பான் பறவையைக் காட்டினான். அது முங்கியது. வெளியே வரும்வரை படகை நிறுத்தச் சொன்னாள் சண்முகவடிவு. வந்தது. மறுபடி முங்கியது. மறுபடி நிறுத்தினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.

"என்னங்க, ஆடாதீங்க. படகு ஆடுது."

"நான் எங்க ஆடுறேன்?"

"கால் ஆடுது."

கோரைப் பக்கம் வந்தோம். மாயாண்டி வாயே திறக்கவில்லை. இருமினேன். கண்ணைக் காட்டினேன். கடைசியில் நானே கேட்டேன்.

"ஏம்ப்பா, இங்க முதலை இருக்குன்னாங்களே?"

"இந்தக் குளிர்ல முதலை ஏதுங்க ஐயா? யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

முதலையை நம்பி வந்தேன், முதலுக்கே மோசம்.

"சத்தம் போடாதீங்க," என்றான் மாயாண்டி. "அம்மா, அங்க பாருங்க. நீர்நாய்."

சண்முகவடிவு என் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நீர்நாய் ஒரு மீனைத் தலையிலிருந்து வால்வரை நிதானமாகத் தின்றது. அதற்கு எங்கும் போகவேண்டிய அவசரமில்லை. ரோட்டில் என் பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"உங்களுக்கு எங்கயாச்சும் போகணுமா?" என்றாள்.

"இல்லையே."

"அப்ப உக்காருங்க."

கோரைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு படகு வந்தது. அதில் கணேசமூர்த்தியும் கண்டாக்கையாவும், பக்கத்தில் அவரவர் மனைவியும். பெண்கள் கையசைத்தார்கள். ஆண்கள் நாங்கள் மூவரும் அவசரமாக வானத்தில் பறவை தேடினோம்.

"மாயாண்டி அண்ணனோட தங்கச்சி நம்ம தோட்டத்துலதான் கொழுந்து எடுக்குது," என்றாள் சண்முகவடிவு. "நேத்து நீங்க வீடு வந்து சேருறதுக்கு முந்தியே சேதி வந்திருச்சு."

இரண்டு படகும் கரை தட்டின. பெண்கள் மூவரும் இறங்கிப் புல்லில் ஜமக்காளத்தை விரித்தார்கள். சண்முகவடிவு கூடையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தாள். அவளுக்குச் சீட்டுக் கலைக்கத் தெரியும் என்பது பதினாலு வருஷமாக எனக்குத் தெரியாது.

"நீர்நாய்க்குக் குட்டி இருக்காம். நீங்க மூணு பேரும் நல்லாப் பாத்துட்டுச் சாயங்காலமா வாங்க," என்றாள். "மாயாண்டி அண்ணே, எங்களுக்கு ஒரு கை குறையுது."

மாயாண்டி துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.