தலை மட்டும் உள்ள பிராணி

பக்கத்து மனையில் தையல்காரர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினார். மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பவர். மாமனார் இருமினால்கூடத் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று பதறுவார். பாவம், இடுப்பளவு தோண்டியதும் தையல் மிஷின் பருமனில் ஒரு கல் தலை வந்தது, வாய் நிறையப் பல்லோடு.

ஆராய்ச்சிக்கார அம்மா வந்து பார்த்தார். "டைனோசர் காலத்துக் கடல் பிராணி, பல்லி மாதிரி. இனமே அழிஞ்சுபோச்சு. பத்திரமா எடுத்துடறோம், நீங்க வீட்டைக் கட்டுங்க."

நில அதிகாரி விடுவாரா?

"இது எப்போலேருந்து இங்க இருக்கு?"

"கோடிக்கணக்கான வருஷமாங்க" என்றார் தையல்காரர்.

"நீங்க எப்போ மனை வாங்கினீங்க?"

"போன வருஷம்."

"அப்போ யாரு இடத்துல யாரு வந்து உக்காந்திருக்கீங்க?"

"ஐயா, அது செத்துப்போச்சு!"

"செத்தும் காலி பண்ணலையே!"

"அப்போ இங்க நிலமே கிடையாதுங்க. கடலாம்!"

"ஓஹோ, கடலையும் ஆக்கிரமிச்சிருக்கீங்களா?"

தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. பூர்வ குடியாகிய மேற்படி பிராணியின் உடல் எதுவரை நீள்கிறதோ, அதுவரை நிலம் அதற்கே பாத்தியம் என்று அதிகாரி உத்தரவு போட்டார்.

எதுவரை நீள்கிறது? அந்த அம்மா தரைக்குள் பார்க்கும் கருவியை உருட்டிக்கொண்டு கிளம்பினார். கழுத்து என் சமையலறைக்கு அடியில் போனது. வயிறு சலூனுக்கு அடியில். வால் வளைந்து வளைந்து நில அலுவலகத்துக்குள் நுழைந்து, சரியாக அதிகாரியின் நாற்காலிக்குக் கீழே முடிந்தது. அவர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

மறுநாளே திருத்திய உத்தரவு வந்தது. மேற்படி பிராணி தலை மட்டுமே உடைய இனம். கழுத்து, வயிறு, வால் முதலியன வெறும் வதந்தி.

"வெறும் தலையை வச்சுக்கிட்டு எப்படிங்க நீந்தும்?" என்று கத்தினார் அந்த அம்மா.

"அதனாலதானே அழிஞ்சுபோச்சு!" என்றார் அதிகாரி.

அடடா, என்ன அறிவு! சலூன்காரர் கைதட்டினார்.

தையல்காரர் கண் கலங்கி என் கையைப் பிடித்தார். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. ஒரு கழுத்தாவது இருந்திருக்கும் இல்ல?"

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் குழியை நன்றாக எட்டிப் பார்த்தேன்.

"எனக்குத் தலை மட்டும்தான் தம்பி தெரியுது" என்றேன்.