மாமனாருக்கு விற்ற வேக்குவம் கிளீனர்

மாமனாரோடு கோயிலுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம், தைரியம் இருந்தால் அரசியல்கூடப் பேசலாம். மெஷின் மட்டும் விற்கக் கூடாது. மெஷின் ரிப்பேரானால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மாப்பிள்ளை ரிப்பேரானால் அவனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. இதை நான் சும்மா சொல்லவில்லை, வாய் நிறையத் திருநீறு தின்றுவிட்டுச் சொல்கிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். தொழிற்சாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய பெரிய வேக்குவம் கிளீனர் விற்கிற ஓர் ஏஜென்சியில் சேல்ஸ் இன்ஜினியர். (இன்ஜினியர் என்பது விசிட்டிங் கார்டில். நிஜத்தில் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவன்.) கல்யாணப் பேச்சு நடந்தபோது, "மாப்ள என்னா பண்றாரு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் என் மாமனார் "மிஷினரி லைன்" என்று சொல்லி வைத்திருந்தார். என்ன மெஷின் என்று துருவியவர்களுக்குக் காபி கொண்டுவரச் சொல்லிப் பேச்சை மாற்றினார். மகளுக்கு மட்டும் உண்மையைச் சொன்னாராம்: "ஒண்ணுமில்லம்மா, கரண்ட்ல ஓடுற தொடப்பம்." கல்யாணமான மறுநாளே மீனா அதை என்னிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

மாமனாருக்குச் சிதம்பரத்தில் திருநீற்றுப் பட்டறை. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வரும் சாண உருண்டைகளைச் சுட்டு, பொடித்து, துணியில் சலித்து, வாசனை சேர்த்துப் பாக்கெட் போடுவார்கள். சலிக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால் எதிரில் இருப்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற பெண்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, பேச்சுக்கு நடுவே இருமினார்களா இருமலுக்கு நடுவே பேசினார்களா என்று தெரியாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். திருநீறு புனிதமானதுதான். நுரையீரலுக்கு அது தெரியாதே.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் பல இடங்களில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனி, மாமனாரின் திருநீற்றை வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஆனால் அவர்களுடைய அதிகாரி நேரில் வந்து, கொட்டகையில் தூசி கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சம்மதிப்பார். அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை வருஷம் முழுக்க ஓடும். கிடைக்காவிட்டால் சிவராத்திரி முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மாமனாருக்குத் தூக்கம் போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. கரண்ட்டில் ஓடும் துடைப்பத்துக்கு ஒரு காலம் வந்துவிட்டதல்லவா?

கேட்லாக்கோடு போய் உட்கார்ந்தேன்.

"மாமா, தூசியில எல், எம், எச்சுன்னு மூணு கிளாஸ் இருக்கு. வீட்டுத் தூசி எல். மரத்தூளு, சிமெண்டு, நம்ம சாம்பல் மாதிரி நெஞ்சுல போய் ஒக்கார்றது எம். உயிருக்கே ஆபத்தான தூசி எச்."

"அப்ப நம்ம திருநீறு செகண்ட் கிளாசா?" என்றார் மாமா. முகம் வாடிவிட்டது.

"அப்டி இல்ல மாமா..."

"எச்சே போடுங்க மாப்ள. சாமி சமாச்சாரம். நாலு பேரு கேட்டா மதிப்பா இருக்கணும்."

ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்குப் போடுவது அது என்று புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில் எம் கிளாசுக்கு இறங்கி வந்தார். அடுத்தது கலர். பச்சையில் இல்லையா என்றார், பச்சை அவருக்கு ராசியாம். இழுவை எவ்வளவு, ஃபில்டர் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. (மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இதே முறையில்தான் என்று மீனா சொல்லுவாள்.)

மெஷின் வந்தது. நல்ல நேரம் பார்த்து இறக்கி, நெற்றி எது என்று ஒரு விவாதம் நடத்தி, சுவிட்சுக்கு மேலே பட்டை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். நான் ஓட்டிக் காட்டலாம் என்று குழாயைக் கையில் எடுத்தேன். அத்தை பதறிவிட்டார்.

"ஐயய்யோ, மாப்ள கையால பெருக்குறதா? ஊரு என்னா பேசும். நீங்க ஒக்காருங்க."

நாற்காலி வந்தது. தட்டில் முறுக்கு வந்தது. பட்டறையில் மூத்தவரான அஞ்சலை அக்கா குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்கம் கொடுத்தேன். ஃபில்டர் என்றேன், மைக்ரான் என்றேன், காற்றோட்டம் குறைந்தால் மெஷினே பீப் அடித்துச் சொல்லும் என்றேன். உள்ளே இருக்கிற காகிதப் பை நிரம்பினால் வாயை மூடி அப்படியே குப்பையில் போட வேண்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். புரிந்துதான் ஆட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நான் பேச்சை முடித்தால் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று ஆட்டியிருக்கிறார்கள். மெஷினைத் திறந்து ஃபில்டரை ஒரு தடவையாவது கையில் எடுத்துக் காட்டியிருக்கலாம். முறுக்கு நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு போனில் நல்ல செய்தியாகவே வந்துகொண்டிருந்தது. "தும்மலு கொறைஞ்சிடுச்சு மாப்ள" என்றார் மாமா. நான் ஆபீசில் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன். இடையில் சிதம்பரத்துக்குப் போனபோதெல்லாம் கொட்டகைப் பக்கம் நகர்ந்தால் போதும், அத்தை இலை போட்டுவிடுவார். மாப்பிள்ளை மரியாதை என்பது ஒருவகை வீட்டுக்காவல்.

அதிகாரி வரும் நாள் வந்தது. ஆவணி மாதம். கொட்டகையைக் கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். நான் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. காரிலிருந்து இறங்கியவர் நடுத்தர வயது மேடம். கருநீலப் புடவை, கையில் வெள்ளைக் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையால் ஜன்னல் கம்பி, அலமாரி மூலை எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. (திருநீறும் வெள்ளைதானே என்று யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.)

மாமா என்னை முன்னால் தள்ளினார். "எங்க மாப்ள, மேடம். பெரிய இன்ஜினியரு. இந்த மிஷினே இவுரு செலக்ட் பண்ணதுதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வெளிய வர்ற காத்து சுத்தமா இருக்குமா?" என்று கேட்டார் மேடம்.

இருக்கும் என்று சொல்லியிருந்தால் போதாதா? நான் சொன்னது இது: "மேடம், மெஷினுக்குப் பின்னாடி மூஞ்சிய வச்சுக்கிட்டு நீங்க பிராணாயாமமே பண்ணலாம்."

மேடம் வேலையில் கறாரானவர். நேராக மெஷினுக்குப் பின்னால் போய், குனிந்து, காற்று வருகிற துவாரத்துக்கு எதிரில் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "போடுங்க" என்றார். அஞ்சலை அக்கா ஒரு முறம் திருநீற்றைத் தரையில் கொட்டிவிட்டுக் குழாயை வைத்தார். நான் சபையை ஒருமுறை பார்த்துவிட்டு, குத்துவிளக்கு ஏற்றுகிற பாவனையில் சுவிட்சைப் போட்டேன்.

இழுவையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. தரையில் இருந்த திருநீறு கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. அடுத்த நொடி மேடமும் காணாமல் போனார்.

முன்பக்கம் போனதெல்லாம் பின்பக்கம் மேகமாகக் கிளம்பியது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு தும்மல், அதைத் தொடர்ந்து ஓர் இருமல். நிறுத்தத்தான் நான் பாய்ந்தேன், கடவுள் சாட்சியாக நிறுத்தத்தான். வேகம் கூட்டுகிற குமிழைப் பிடித்துக் கடைசி வரை திருகிவிட்டேன். ஆயிரம் பேருக்கு டெமோ காட்டிய கை அது. மெஷின் இன்னும் உற்சாகமாக ஊதியது. கடைசியில் அஞ்சலை அக்காதான் தடவிக்கொண்டே போய் பிளக்கைப் பிடுங்கினார்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். புகை மாதிரி சூழ்ந்திருக்கிறதே, கலைத்துவிடுவோம் என்று நான் ஓடிப்போய் மின்விசிறியைப் போட்டேன். கீழே படிய இருந்ததெல்லாம் மறுபடி மேலே எழுந்தது. போதாதென்று விசிறி இறக்கைகளிலும் உத்தரத்திலும் வருஷக்கணக்காகப் படிந்திருந்ததும் இறங்கி வந்தது.

எல்லாம் அடங்கியபோது, மெஷினுக்குப் பின்னால் உச்சி முதல் பாதம் வரை வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. கண்கள் இரண்டு மட்டும் சிவப்பாக இருந்தன. மாமா வாழ்நாள் பழக்கத்தில் "சிவசிவா" என்று கைகூப்பிவிட்டார். தண்ணீர் குடிக்க மேடம் வெளியே வந்தபோது, அவருடைய டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மெஷினைத் திறந்தேன், முதன்முதலாக. உள்ளே காகிதப் பை இல்லை. அந்த இடத்தில் நாடா வைத்துத் தைத்த ஒரு வேட்டித் துணிப் பை, நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பைய குப்பையில போடணும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் மாமா. "திருநீற எப்டி மாப்ள குப்பையில போடுறது? அதான் டெய்லர்கிட்ட சொல்லி என் புது வேட்டியில பை தைச்சேன். ரொம்புச்சுன்னா ஆத்துல கரைச்சிடலாம் பாருங்க."

ஃபில்டரை உருவினேன். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டியது, மழையில் நனைந்த பஞ்சாங்கம் மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால், ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நின்ற அத்தையின் மூக்குத்தி தெரிந்தது.

"அது ஒரே அழுக்கு மாப்ள," என்றார் அத்தை, ரொம்பப் பொறுப்பாக. "ஒரு வாரமா மிஷினு கீ கீன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. எலக்ட்ரீஷியன் வந்து கத்துற ஒயர மட்டும் கட் பண்ணிக் குடுத்தான். நேத்து எல்லாத்தையும் கழுவுறப்ப இத மட்டும் விட மனசு வரல. செவுத்துல நாலு தட்டு தட்டி, சீயக்கா போட்டு அலசி, மாடியில காய வச்சேன். பாத்தீங்கல்ல, அதுக்கப்பறம் எப்டி இழுக்குதுன்னு."

நான் யாரைக் கோபித்துக்கொள்வது? அவர்கள் சாமிக்குச் செய்கிற மரியாதையை மெஷினுக்கும் செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கும் அதைத்தான் செய்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன், மெஷினும் வாங்கிக்கொண்டது.

மேடம் முகம் கழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இருமல் நிற்கவில்லை. நடுநடுவே அஞ்சலை அக்காவிடம் கேட்டார்: "நீங்க எவ்ளோ நாளா இங்க இருக்கீங்க?"

"எம் பெரிய பொண்ணு கைக்கொழந்தையா இருக்குறப்ப வந்தேன் மேடம். இப்ப அவளுக்கே கொழந்தை இருக்கு."

"இந்தத் தூசியிலயா?"

"மிஷினு வந்தப்பறம் தேவல மேடம். அதுக்கு முன்ன, சாயங்காலம் சலிச்சு முடிக்கிறப்ப தெனமும் இப்டித்தான் இருக்கும். இன்னிக்கு நீங்களும் இருந்ததால ஜாஸ்தியா தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவரை இருந்தது மானம் போன கவலை. வெட்கம் அப்போதுதான் வந்தது. அந்தப் பெண்களின் மூச்சுக்காக வந்த மெஷினை நான் மாமனாரிடம் பேர் வாங்குவதற்காக ஓட்டியிருக்கிறேன்.

"ஆர்டர் இன்னிக்குக் குடுக்க முடியாது," என்றார் மேடம். "அடுத்த மாசம் சொல்லாம வருவேன். இதே புடவையில வருவேன். மெஷினுக்குப் பின்னாடி இதே எடத்துல நிப்பேன். அதுவரைக்கும் ஒருத்தரும் மாஸ்க் இல்லாம சலிக்கக் கூடாது."

கார் போனது. அன்று மாலை மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை, நிற்க வைத்துத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. ஒங்கள ஒக்கார வச்சு முறுக்கு குடுத்ததுதான் நாங்க பண்ண தப்பு. இனிமே அந்த மிஷினு ஒங்க பொறுப்பு. வந்தா மொதல்ல கொட்டகை, அப்பறந்தான் எல."

அதன்படி சனிக்கிழமைதோறும் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு முதுநகரிலிருந்து பஸ் ஏறினேன். புது ஃபில்டர் மாட்டினேன், வெட்டின ஒயரை ஒட்டினேன். பீப் அடித்தால் அது சாபம் இல்லை என்று அத்தைக்கு விளங்க வைத்தேன். காகிதப் பை விஷயத்தில் மட்டும் மாமா அசையவில்லை. கடைசியில், நிரம்பிய பையை வாய் மூடி, குப்பைக்கு அனுப்பாமல், தோட்டத்து வில்வ மரத்தடியில் குழி வெட்டிப் புதைப்பது என்று முடிவானது. குழி வெட்டுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அஞ்சலை அக்காவையும் மற்றவர்களையும் கூட்டி வைத்து, இந்தத் தடவை தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டிக் காட்டினேன். அவர்களும் கழற்றி மாட்டினார்கள். யாரும் தலையாட்டவில்லை, நிறையக் கேள்வி கேட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் மேடம் வந்தார். அதே கருநீலப் புடவை. பின்னால் போய் நின்றார், கைக்குட்டையை விரித்தார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. மெஷின் ஓடியது. கைக்குட்டை காற்றில் ஆடியது, அவ்வளவுதான். ஆர்டர் வந்துவிட்டது. சிவராத்திரிக்குப் பிறகும் யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று மாமா சொன்னபோது அஞ்சலை அக்கா, "அப்ப அடுத்த சனிக்கெழம நீங்க கண்டிப்பா வந்துடுங்க" என்றார் என்னிடம்.

ஐப்பசியில் எங்களுக்குத் தலைதீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நின்றேன். சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, மாமா தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, பூ, பழம். நடுவில் பட்டு வேட்டிக்குப் பதிலாக ஒரு செட் காக்கிச் சட்டை, பேண்ட். முறைப்படி ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. சட்டைப் பாக்கெட்டில் சிவப்பு நூலில் 'மாப்ள' என்று எம்பிராய்டரி போட்டிருந்தது.

"எங்கடி பட்டு வேட்டி?" என்று மீனாவின் காதில் கடுகடுத்தேன்.

"பட்டு வேட்டியெல்லாம் விருந்தாளிக்குங்க," என்றாள்.

போட்டுக்கொண்டேன். எங்கள் தலைதீபாவளி போட்டோவில் மீனா அரக்குப் பட்டிலும் நான் காக்கியிலும் நிற்கிறோம். அதைப் பார்க்கிற புது ஆட்கள் எல்லோரும் நான் ஈ.பி.யில் இருக்கிறேனா என்று கேட்கிறார்கள். சொந்தத்தில் எந்த வீட்டில் மிக்சி நின்றாலும் போன் எனக்குத்தான் வருகிறது, "காக்கிய மாட்டிக்கிட்டு வாங்க மாப்ள" என்று. எனக்கு மிக்சி ரிப்பேர் தெரியாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் நம்புவதாக இல்லை.