ஒரே எழுத்தில் மகளாகிப் போன சம்பந்தி

பீடோங்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணன் மகன் புவனேசனுக்கு, சித்தப்பா மனோகரன் எழுதுவது. இங்கு நாங்கள் உடலால் நலம். மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ கூலிமில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகு சாப்பாடு இறங்குமா என்பது சந்தேகம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகள், உன் தங்கை ஷாமளாவின் கல்யாண விருந்தில் மேசை மேல் வைக்கும் பெயர் அட்டைகளை அச்சடிக்க, சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாயே, அதில்தான் என் குடி முழுகியது. ஒருவரின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் அடித்தேன். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று கேட்டது. M என்று அடித்து என்டரைத் தட்டினேன். அடுத்து ஆணா பெண்ணா, ஆணுக்கு L, பெண்ணுக்கு P என்று கேட்டது. நான் விரலைத் தூக்குவதற்குள் அதுவே தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெயரைப் பார்த்தே ஆண் பெண் கண்டுபிடிக்கிறதே, நம்ம புவனேசன் மூளையே மூளை என்று உன் சித்தியிடம் அளந்துகொண்டே எல்லாப் பெயரையும் அடித்து முடித்து, வந்த அட்டைகளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சுங்கை பட்டாணிக்குச் சம்பந்தி வீட்டில் காட்டக் கொண்டுபோனேன்.

அவர் முதலில் தன் அட்டையைத்தான் எடுத்தார். ஐசி அடையாள அட்டையில் a/l, அதாவது மகன், என்றிருக்கும் மனிதரை 'காளிதாசன் a/p மாரிமுத்து' என்று மகளாக்கி வைத்திருக்கிறது உன் புரோகிராம். மாப்பிள்ளையும் மகள். மண்டபத்துக்கு வரும் அத்தனை ஆம்பிளைகளும் மகள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்னையும் என் மவனையும் பொம்பளைன்னு எழுதிக் கொண்டாந்து காட்டுறீங்க. என்ன லா இது? நாங்க மண்டபத்துக்கு வர்றதா வேணாமான்னு யோசிக்கணும்" என்றார். போட்ட கோப்பி சமையலறையிலேயே நின்றுவிட்டது.

வெளியே வந்து உன்னைக் கூப்பிட்டால் நீ சிரிக்கிறாய். "சித்தப்பா, புரோகிராம்ல கெட்சார்னு ஒரு கட்டளை, அது ஒரு எழுத்த மட்டும்தான் எடுக்கும். நீங்க தட்டுன என்டரும் அதுக்கு ஒரு எழுத்துதான். அந்த என்டர் பின்னாலயே நின்னு, அடுத்த கேள்விக்குப் பதிலாப் போயிருச்சு லா. L இல்லாட்டி எல்லாம் P-ன்னு நான்தான் எழுதி வச்சேன். சோரி." கூட வந்திருந்த உன் சித்தி அதைக் 'கெட்ட சார்' என்று கேட்டுக்கொண்டு, யார் அந்த சார், அவனுக்கு நம் வீட்டுக் கல்யாணத்தில் என்ன வேலை என்று இன்னும் விசாரிக்கிறாள்.

அதற்குள் ஷிப்ட் தொடங்கி உன் போன் லாக்கருக்குள் போய்விட்டது. ஆகவே இதை இங்கு வந்திருக்கும் உன் அறைத் தோழன் தினேஸ்வரனிடம் கொடுத்தனுப்புகிறேன். தம்பி, இந்தச் சம்பந்தம் முறிந்தால் என் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த என்டரை முதலில் விழுங்கித் தொலைத்துவிட்டு, மனுஷன் பதில் சொல்லும்வரை அதைக் காத்திருக்கச் சொல். இன்றே திருத்தி அனுப்பு.

முருகன் உனக்குக் குறையாத ஆயுளும் நல்ல வேலையும் தரட்டும். உன் கல்யாணத்துக்கு அட்டைகளை நான் கையாலேயே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
சித்தப்பா
மனோகரன் a/l பசுபதி
(அட்டையில் நானும் a/p)

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் ஷாமளா இதை வாங்கிப் படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அப்பா, அவங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, கோப்பி எடுத்துட்டு வர்றியான்னு கேட்டீங்க. ம்-ன்னேன். அதோட, பையனப் புடிச்சிருக்கான்னும் கேட்டீங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்ககிட்ட சரின்னுட்டீங்க. அந்த ம் கோப்பிக்கு மட்டும்தான்ப்பா" என்றாள். அந்தக் கேள்வியை இப்போது மறுபடி கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "வேணாம்ப்பா" என்றாள். அட்டைகளைத் திருத்த வேண்டாம். சம்பந்தியிடம் சொல்ல நான் சுங்கை பட்டாணிக்குப் புறப்படுகிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் நீயும் வந்து சேர்.