பப்பாளியின் வயிற்றுப் பூச்சி

கோவில்பதாகை

அன்பு மகள் ஜோதிகாவுக்கு அப்பா வேம்புலி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். ஹாஸ்டலில் வைக்க முடியாது என்று நீ எங்களிடம் விட்டுப் போன சிறுத்தைப் பல்லி பப்பாளியும் நலம் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை. போனில் சொன்னால் முதல் வரியிலேயே அழுவாய், மீதியைக் கேட்க மாட்டாய். அதனால்தான் கடிதம்.

"வால் தடியா இருந்தா தெம்பா இருக்குன்னு அர்த்தம்பா" என்று சொல்லிப் போனாய் அல்லவா, அந்த வால் விளக்குத் திரி மாதிரி ஆகிவிட்டது. புழுவை முன்னால் வைத்தால், ஏதோ நான் கிண்டிய உப்புமா போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு டில்லிபாபு பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, வயித்துல பூச்சி. எங்க டைகருக்கு வாங்குன மாத்திரை பாதி கீது, கரைச்சி ஊத்து" என்றான். டைகர் கன்றுக்குட்டி சைஸ் நாய். நானும் பெரிய அறிவாளி மாதிரி மாத்திரையை ஸ்பூனில் நசுக்கிவிட்டேன். உன் அம்மா ஸ்பூனைப் பிடுங்கி, "இன்னாயா, நாய் மருந்த பல்லிக்கா ஊத்துறே? மொதல்ல நீ குடி. நீ பொழைச்சா அதுக்குத் தரலாம்" என்றாள். நான் குடிக்கவில்லை. பல்லி மேலே பட்டால் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று, முதல் வாரம் பப்பாளியைத் தூக்கித் தூக்கியே டேங்க் தண்ணீரைத் தீர்த்தவள்தான் இவள். இப்போது கை கழுவுவதோடு சரி.

ஆவடியில் ஸ்வாதி டாக்டரிடம் ஓடினோம். "எச்சத்தை டெஸ்ட் பண்ணாம மருந்து கிடையாது சார். எடை தெரியாம அளவும் கிடையாது. துளி கூடினா பூச்சிக்கு முன்னாடி பல்லி போயிடும்" என்றார். அங்கே நாயை நிறுக்கும் தராசில் பப்பாளியை வைத்தால் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. ஆகவே நகை செய்யும் எத்திராஜ் பத்தர் கடைக்குத் தூக்கிப் போனேன். மோதிரம் வாங்க வந்த ஒரு அம்மா புது டிசைன் என்று கையை நீட்ட, அது கண்ணைச் சிமிட்ட, அந்த அம்மா ரோட்டுக்கே போய்விட்டார். பத்தர் அசரவில்லை. "நாப்பத்திரண்டு கிராம் மாமே. செய்கூலி சேதாரம் கெடையாது, எடுத்துகினு கெளம்பு" என்றார்.

எச்சத்தை உன் கம்மல் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. ரிசல்ட் வந்தது: புழுவோ புழு! நாளைக் காலை டாக்டரே எடைக்கு அளந்து மருந்து தருகிறார். எச்சம் எடுத்த அன்றே பப்பாளியின் பெட்டியையும் கழுவிவிட்டேன். நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வராதே.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உனக்கும் ஒரு பல்லிக்கும் தகப்பனான
வேம்புலி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன்பே டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். மருந்து தரவில்லை. எச்சத்தில் கொசு இறக்கை இருந்ததாம். "இது கடையில வாங்குன புழு மட்டும்தானே சாப்பிடுது? கொசு எப்படி வந்துச்சு? எங்க பொறுக்கினீங்க சார்?" என்றார். பெட்டியைக் கழுவப் பப்பாளியை வெளியே விட்டபோது, டியூப்லைட்டுக்குக் கீழே தரையில் என்றேன். அது நம் சுவர்ப் பல்லியுடையது! அங்கேயே டெஸ்ட் பண்ணிப் பார்த்தார், பப்பாளியின் சொந்தச் சரக்கில் ஒரு பூச்சியும் இல்லை. புது வீடு பழகாமல்தான் பட்டினி கிடந்ததாம். வந்ததும் உன் அம்மா மடியில் உட்கார்ந்து மூன்று புழு தின்றது. ஆனால் அவளுக்கு நிம்மதி இல்லை. "அது மட்டும் யார் ஊட்டுப் பல்லியாம்?" என்று ஸ்டூல் மேல் ஏறி நின்று, டியூப்லைட்டுக்குப் பின்னால் பார்த்து, "வா கண்ணு, டாக்டரம்மா ஊசில்லாம் போட மாட்டாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.