நாலேகால் மணிக் கடல்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். நேரக் காப்பாளர். ஒரு வண்டி வெறுமனே 'தாமதம்' என்று அவர் எழுதியதே கிடையாது. பதினேழு நிமிஷம் என்பார், பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில் காரணத்தையும் எழுதுவார். அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதைப் போய்க் கட்டின மனைவியிடமா சொல்வார்!

கல்யாணமான புதிது. கொஞ்சம் பந்தா காட்ட ஆசை. கடலில் தத்தளித்த ஒருவனை நீந்திப் போய்த் தோளில் போட்டுக் கரை சேர்த்ததாக எடுத்துவிட்டார். உண்மையில் அவருக்குக் குளியலறை வாளியே கொஞ்சம் ஆழம்தான். மனைவி அதைத் தன் தம்பியிடம் சொன்னாள். தம்பி ஊரெல்லாம் சொன்னான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒருவன் மூன்று பேராகிவிட்டான். நிமிஷம் மறுக்கவும் இல்லை.

அவர்கள் ஊரில் கடல் இல்லாததால் பிழைப்பு ஓடியது. வந்தது வினை, விடுமுறை ரூபத்தில்.

"என்னங்க, மூணு நாள் கடற்கரைப் பக்கம் போவோம். பழைய கோட்டை இருக்காம், கலங்கரை விளக்கம் இருக்காம். தம்பியும் வரான்."

"அவன் எதுக்கு?"

"நீங்க நீந்துறதை வீடியோ எடுக்கணுமாம். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான்."

நிமிஷம் வழுக்கைத் தலையை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். ஆனாலும் மீசையை நீவிக்கொண்டு, "திட்டம் போடுற வேலையை என்கிட்ட விடு" என்றார்.

மறுநாள் பணிமனைத் தொலைபேசியிலிருந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கடலோர விடுதி மேலாளரைப் பிடித்தார்.

"கடல்ல இறங்க விடாத நேரம் எதாவது இருக்குங்களா?"

"இறங்கக்கூடிய நேரத்தைத்தான் சார் எல்லாரும் கேப்பாங்க."

"நான் இறங்கக்கூடாத நேரத்தைக் கேக்குறேன்."

"சாயங்காலம் நாலு மணிக்குச் சிவப்புக் கொடி ஏத்திருவாங்க. அப்புறம் கால் நனைக்கக்கூட விடமாட்டாங்க."

அந்தக் கொடிக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டார். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து, பணிமனைத் தாளிலேயே கோடு போட்டு, மூன்று நாளையும் அடைத்தார். கோட்டை, கலங்கரை விளக்கம், பழைய சுங்க மாளிகை, கப்பல் காட்சிசாலை, மறுபடியும் கோட்டை. கடலுக்கு மட்டும் தினமும் நாலேகால். அவருக்கே அவர் மூளையைத் தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். புது கேமராவைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வந்தான். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை உரக்க வாசித்தாள்.

"எட்டு அஞ்சு, கோட்டை. குறிப்பு: நிழல் உண்டு. பத்து இருபது, கலங்கரை விளக்கம். குறிப்பு: நூத்திப் பன்னெண்டு படி, மூச்சு வாங்கும்."

"கடல் எப்பக்கா?" என்றான் மைத்துனன்.

"இரு. நாலேகால், கடல். குறிப்பு..."

அவள் நிறுத்தினாள். நிமிஷத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பழக்க தோஷம். இருபத்தைந்து வருஷமாகக் காலி விடாத கட்டத்தை இதிலும் அவர் காலி விட்டிருக்கவில்லை. தன் குண்டு குண்டுக் கையெழுத்தில், உள்ளது உள்ளபடி எழுதித் தொலைத்திருந்தார்: 'நாலு மணிக்கே சிவப்புக் கொடி ஏறிவிடும். எனக்கு நீச்சல் தெரியாதது வெளியே வராது.'

"என்னக்கா குறிப்பு?"

அவள் கண்ணாடிக்கு மேலாகப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். மானம் கப்பலேறப் போகிறது என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"அத்தானுக்குத் தோள்பட்டை பிசகியிருக்காம். நீந்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."

"அடடா! மூணு பேரைத் தூக்கின தோளாச்சே!" என்று மைத்துனன் உண்மையாகவே வருத்தப்பட்டான். எழுந்து வந்து அத்தானின் தோளைப் பிடித்தும் விட்டான். நிமிஷத்துக்கு உடம்பு கூசியது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார். தனக்காக அவளும் பொய் சொன்னதுதான் தாங்கவில்லை. அவளுக்குத்தான் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

தம்பி கிளம்பிப் போனதும் அவர் மெதுவாகச் சமையலறைக்குள் வந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமாகி மறுவாரமே. மழைத் தண்ணி தேங்கியிருந்தாக்கூட சுத்திப் போவான்னு உங்கக்கா சொன்னாங்க."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"எவ்வளவு ஆசையா சொன்னீங்க! கேட்டா முகம் செத்துப்போயிடும்னு விட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருஷம். எத்தனை விருந்தாளி முன்னால், எத்தனை தடவை, கையை வீசி வீசி நீந்திக் காட்டியிருக்கிறார்! ஒவ்வொரு தடவையும் இவள் காபித் தட்டோடு நின்று, முதல் தடவை கேட்பவள் மாதிரி வாயைப் பிளந்திருக்கிறாள். நிமிஷம் அடுப்பு மேடையைப் பார்த்தே பேசினார்.

"தப்புதான். மன்னிச்சிரு. பயணத்தை ரத்து பண்ணிடுவோமா?"

"எதுக்கு? நாலேகாலை அடிச்சிட்டு ஆறரைன்னு போடுங்க. காலையில, தம்பி எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. நாம ரெண்டு பேரும் இறங்குவோம்."

"நானா? கடல்லயா?"

"நான் இருக்கேன்ல. ஆறு மாசமா நீச்சல் குளத்துக்குப் போறேன். என்னைக்காவது ஒருநாள் உங்க கதையை நீங்களே நம்பி குதிச்சிருவீங்களோன்னு பயம்."

நிமிஷத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை உன்னால இழுத்துட்டு வர முடியுமா?" என்றார்.

"டீச்சரம்மாகிட்ட அதையும் கேட்டேன். முழுகுறவங்களை முடியைப் பிடிச்சுத்தான் இழுக்கணுமாம். உங்களுக்கு அது சரிப்படாது. நீங்க காலர் வச்ச சட்டையா போட்டுக்குங்க."