கண்ட்ரி இசையைக் காப்பாற்றிய குழு

உலகம் இரண்டு முறை காப்பாற்றப்பட்டிருக்கிறது. முதலில் நோவாவின் பேழையால். பிறகு, அமெரிக்காவின் டென்னஸி மாநிலம் மில்ஸ்டோன் ஊரில், எங்கள் 'அசல் கண்ட்ரி இசைப் பாதுகாப்புக் குழு'வால். அடியேன் அதன் செயலாளர்.

கோடை விழாவின் நிறைவு நாள் மாலை மேடை யாருக்கு என்று தீர்மானிப்பது குழுவின் புனிதக் கடமை. அந்த மேடையில் பாடியவருக்கு, கிராமத்து இசையான கண்ட்ரியின் தலைநகர் நாஷ்வில்லில் கதவுகள் தாமாகத் திறக்கும். இந்த ஆண்டு கடைசிச் சுற்றில் இருவர் மிஞ்சினார்கள்.

ஒருவர் ட்ரேஸ் வின்ஃபீல்ட். சிகாகோ பல் டாக்டரின் மகன். தொப்பி, பூட்ஸ், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு பெல்ட் கொக்கி. புகைப்படம் எடுக்கும் நாட்களில் தன் டிரக்குக்கு ஆள் வைத்துச் சேறு பூசுகிறாராம். என்ன அர்ப்பணிப்பு!

இன்னொருத்தி லுவீனியா பெட்வே. பன்றிப் பண்ணை வைத்திருக்கிறாள். அவள் ரப்பர் பூட்ஸில் இருந்தது நிஜச் சேறு. எங்கள் கம்பளம் பாழ். அவள் கறுப்பினப் பெண் என்பதைக் குழு கவனிக்கவே இல்லை. கவனிக்கவில்லை என்று தலைவர் வெர்லின் டீக் எங்களிடம் மூன்று முறை சொன்னார்.

தலைவர் விசாரணையைத் தொடங்கினார்.

"டிரக் இருக்கா?"

"இருக்கு சார். காலையில மக்கர் பண்ணிடுச்சு. டிராக்டர்லதான் வந்தேன்."

"நாய் செத்துப்போச்சா?"

"ஐயோ, வாயக் கழுவுங்க! வாசல்ல நிக்குது."

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டானா?"

"நாயப் புடிச்சிட்டு நிக்கிறதே அவருதான்."

தலைவர் பெருமூச்சு விட்டார். "செத்த நாய், ஓடிப்போன புருஷன் இல்லாம கண்ட்ரிப் பாட்டு ஏது? அப்புறம் எதைப் பத்திம்மா பாடுவே?"

அவள் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து வாசித்தாள். மேசைக்கு அடியில் எங்கள் பூட்ஸ்கள் எல்லாம் குழுவின் அனுமதியின்றித் தாளம் போட்டன.

"எங்க கத்துக்கிட்டே?" என்றார் தலைவர், காலை இழுத்துக்கொண்டு.

"எங்க அம்மாகிட்ட. அவங்க அவங்க தாத்தாகிட்ட. ஆப்பிரிக்காவுல வாசிச்சத மறக்காமத்தானே எங்க ஆளுங்க இங்க வந்து சுரைக்குடுக்கையில பாஞ்சோ செஞ்சாங்க."

"அப்ப இது வெளியூர்ச் சரக்கு! எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு இந்த மலையில தானா வந்ததும்மா நம்ம இசை."

"உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு விரல் புடிச்சுச் சொல்லிக் குடுத்ததே எங்க அம்மாவோட தாத்தாதான் சார். சுத்த மக்கு மாணவராம். அம்மா சொல்லுவாங்க."

குழு கூடிப் பேசித் தீர்ப்பளித்தது. 'இசை அபாரம். கண்ட்ரித்தன்மை போதாது.' மேடை ட்ரேஸுக்கு.

ஒரு சின்ன 'நிர்வாகச் சிக்கல்' மட்டும் எழுந்தது. ட்ரேஸுக்குப் பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துத் தொடங்கிக் கொடுக்காவிட்டால் பாடவும் வராது. தலைவர் பெருந்தன்மையோடு வழி கண்டார்.

"லுவீனியா, நீ திரைக்குப் பின்னாடி உக்காந்து வாசி. தம்பி முன்னாடி நின்னு தந்தியில்லாத பாஞ்சோவத் தடவுவாரு. உனக்கும் மேடை கிடைச்ச மாதிரிதானே?"

"என் மூஞ்சி ஜனங்களுக்குத் தெரியுமா சார்?"

"கவலையே படாதே. நல்ல கனமான திரை."

"அப்ப சரி, ஜமாய்ச்சிடலாம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

விழா மாலை வந்தது. ட்ரேஸ் கையை வீசி, இல்லாத தந்திகளைத் தடவினார். சத்தமில்லை. மறுபடி தடவினார். நான் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முக்காலி காலி. சாலையில் ஒரு டிராக்டர் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

ட்ரேஸ் திறந்த வாயோடு நின்றார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இதை மௌன அஞ்சலி என்று நினைத்து எழுந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தார். எங்கள் ஊரில் ஒரு தொப்பி இறங்கினால் எல்லாத் தொப்பியும் இறங்கும். மைதானமே எழுந்து நின்றது.

"யாருக்குடி அஞ்சலி?"

"தம்பியோட நாயா இருக்கும். பாவம்" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அந்த மௌனத்துக்கே ஆண்டின் 'மிக அசலான பாடல்' விருதைக் குழு ஒருமனதாக வழங்கியது. நியாயம்தான். கண்ட்ரி இசையில், வேறு யாரிடமிருந்தும் எடுக்காமல், நாங்களே சொந்தமாக உண்டாக்கியது அது ஒன்றுதான்.